டிரெய்லரில் பெல்ட் கட்டப் பழகுகிறவர்களுக்கு

சுற்றுச்சுவர் உள்ள லாரியில் கட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் பாரம் பலகையில் சாய்ந்து நின்றுவிடும். திறந்த டிரெய்லரில் அந்த வசதி கிடையாது. தளம், அதன்மேல் பாரம், நடுவில் நீங்கள் போட்ட கட்டு, அவ்வளவுதான். கட்டு விட்டால் பாரம் ரோட்டில்தான் விழும். பின்னால் பைக்கில் ஒரு குடும்பம் வந்துகொண்டிருக்கலாம். முன்பக்கம் சரிந்தால் கேபினுக்குள் இருக்கிற இரண்டு பேர். ஆகவே இந்த வேலையைப் பொறுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

கயிறும் செயினும் வயர் ரோப்பும் மட்டும் இருந்த இடத்தில் இப்போது ராட்செட் (கைப்பிடியை ஆட்டி இறுக்கும் பல்சக்கரப் பூட்டு) வைத்த லேஷிங் பெல்ட், அதாவது பாரம் கட்டும் பட்டை, நன்றாகவே பரவிவிட்டது. எடை குறைவு, பாரத்தைக் கீறாது, ஒரே ஆள் இறுக்கலாம். ஆனால் கயிற்றைப் பழகிய கையோடு பெல்ட்டைப் பிடிப்பதால் வரும் தவறுகள் நிறைய. புதிதாகக் கிளீனராக ஏறியவர், முதல் டிரெய்லர் வாங்கியவர், தொழிற்சாலையில் டிஸ்பேட்ச் பிரிவில் சேர்ந்தவர் என்று யாராக இருந்தாலும் இதை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு யார்டுக்குப் போங்கள்.

முதலில் லேபிளைப் படியுங்கள்

கடையில் போய்க் கேட்டால் "5 டன் பெல்ட்" என்று எடுத்து வைப்பார்கள். 50 மில்லிமீட்டர் அகலம், இரண்டு முனையிலும் கொக்கி, நடுவில் ராட்செட். அந்த 5 டன் என்பது பெரும்பாலும் பெல்ட் அறுந்துபோகிற அளவு. அந்த அளவுக்கு இழுக்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

நல்ல பெல்ட்டில் ஒரு லேபிள் தைத்திருக்கும். ஐரோப்பியத் தரமான இ.என். 12195-2 படி செய்த பெல்ட் என்றால் லேபிளின் நிறமே நூல் எதுவென்று சொல்லிவிடும். நீலம் பாலியஸ்டர், பச்சை நைலான், பழுப்பு பாலிபுரோப்பிலீன். டிரெய்லர் வேலைக்குப் பாலியஸ்டர்தான் சரி. நைலான் அதிகமாக நீளும், மழையில் நனைந்தால் இன்னும் தளரும்.

லேபிளில் மூன்று எண்களைத் தேடுங்கள். எல்.சி. என்று போட்டிருப்பது அந்தப் பெல்ட் நேர் இழுப்பில் பாதுகாப்பாகத் தாங்கும் அளவு. 50 மி.மீ. பெல்ட்டில் இது வழக்கமாக 2,500 டெக்காநியூட்டன். ஒரு டெக்காநியூட்டனை ஒரு கிலோ எடையின் இழுப்பு என்றே வைத்துக்கொள்ளலாம், வித்தியாசம் மிகக் குறைவு. அடுத்தது எஸ்.எச்.எஃப். ராட்செட் கைப்பிடியில் ஒரு ஆள் கொடுக்கும் கைபலம் அது, 50 என்று இருக்கும். மூன்றாவது எஸ்.டி.எஃப். அந்தக் கைபலத்தில் இறுக்கிவிட்டுக் கையை எடுத்த பிறகு பெல்ட்டில் நிற்கிற இறுக்கம். சாதாரண ராட்செட்டில் இது 300 அல்லது 350தான் இருக்கும். கைப்பிடி நீளமாக, கீழ்நோக்கி இழுத்து இறுக்குகிற மாதிரி வரும் ராட்செட்டில் 500 வரை போகும்.

கவனித்தீர்களா? 5 டன் என்று வாங்கிய பெல்ட்டை மூச்சுப்பிடித்து இறுக்கினாலும் அதில் நிற்பது 300 கிலோ இழுப்பு. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

அமெரிக்கப் பெல்ட் கைக்கு வந்தால் அதில் டபிள்யூ.எல்.எல். என்று இருக்கும். அறுபடும் அளவில் மூன்றில் ஒரு பங்கு அது. அங்கே டிரெய்லரின் பக்கவாட்டில் வின்ச் (பெல்ட்டைச் சுற்றி இறுக்கும் உருளை) பொருத்தி 4 அங்குலப் பெல்ட் போடுவார்கள். அறுபடும் அளவு 16,200 பவுண்டு, வேலைக்கு எடுத்துக்கொள்வது 5,400 பவுண்டு.

லேபிள் இல்லாத பெல்ட்டை வாங்க வேண்டாம். விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம்.

பெல்ட் உண்மையில் செய்கிற வேலை

பாரத்தின் மேலாகப் பெல்ட்டைப் போட்டு இரண்டு பக்கமும் மாட்டி இறுக்குகிறோம். பெல்ட்தான் பாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றும். உண்மையில் அது பாரத்தைத் தளத்தோடு சேர்த்து அழுத்த மட்டுமே செய்கிறது. பாரத்தை நகரவிடாமல் நிறுத்துவது அடியில் இருக்கிற உராய்வு. அடிப்பக்கம் வழுக்கினால் மேலே எத்தனை பெல்ட் போட்டாலும் போதாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரைவர் பிரேக்கை முழுதாக மிதிக்கும்போது பாரம் தன் எடையில் 80 சதவீதம் வரை முன்னோக்கித் தள்ளும் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கணக்கு வைக்கிறார்கள். வளைவில் பக்கவாட்டிலும், கிளம்பும்போது பின்பக்கமும் 50 சதவீதம். நம் ரோட்டுக்கும் இதே இயற்பியல்தான். 10 டன் மரப்பெட்டி ஒன்றை மரத்தளத்தில் வைத்திருக்கிறீர்கள் என்போம். முன்பக்கத் தள்ளல் 8 டன். மரத்தின்மேல் மரம் என்றால் உராய்வு சுமார் 0.4, அதாவது அடியில் விழும் அழுத்தத்தில் 40 சதவீதம் அளவுக்கான தள்ளலை அது நிறுத்தும். 8 டன்னை நிறுத்த அடியில் 20 டன் அழுத்தம் வேண்டும். பெட்டியின் சொந்த எடை 10 டன். மீதி 10 டன்னைப் பெல்ட்டுகள் அழுத்தித் தர வேண்டும். ஒரு பெல்ட் இரண்டு பக்கமும் சேர்த்து 600 கிலோதான் அழுத்தும். 17 பெல்ட்! யாரும் போடப் போவதில்லை.

அதே பெட்டிக்கு அடியில் வழுக்காத ரப்பர் மேட் விரியுங்கள். உராய்வு 0.6 ஆகிவிடும். இப்போது பெல்ட்டுகள் தர வேண்டியது சுமார் 3.3 டன்தான், 6 பெல்ட் போதும். இன்னொரு வழி, மேட் இல்லாவிட்டாலும் பெட்டியை முன்பக்கத் தடுப்போடு (தளத்தின் முன்விளிம்பில் நிற்கும் சுவர், இருக்கிற டிரெய்லரில்) ஒட்டவைத்து, முன்தள்ளலை அந்தத் தடுப்பே வாங்கிக்கொள்ளும்படி செய்வது. தடுப்பு அந்தப் பாரத்தைத் தாங்கும் பலம் உள்ளதாக இருக்க வேண்டும், அது முக்கியம். அப்போது பக்கவாட்டு 5 டன்னை மட்டும் பார்த்தால் போதும். 5 பெல்ட்டில் முடிந்துவிடும்.

இதுவே 10 டன் இரும்பு மெஷினை வெறும் இரும்புத் தகட்டின்மேல் வைத்தால்? உராய்வு 0.2தான் கிடைக்கும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதுவும் கிடைக்காது. முன்தள்ளலுக்குக் கணக்குப் போட்டால் 50 பெல்ட் வருகிறது. நம்மூரில் தினமும் எத்தனையோ வண்டிகள் நான்கு பெல்ட்டோடு இப்படித்தான் கிளம்புகின்றன. பிரேக் பலமாக அடிக்க நேராத வரை எதுவும் தெரியாது.

இந்தக் கணக்கு எல்லாம் பெல்ட் நேர் செங்குத்தாக இறங்கும்போது வருவது. தாழ்வான, அகலமான பாரத்தில் பெல்ட் சாய்ந்து இறங்கும். தளத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் உள்ள கோணம் 60 பாகை என்றால் அழுத்தம் 87 சதவீதம், 45 என்றால் 71, 30 என்றால் பாதி. மேலும், ராட்செட் இருக்கும் பக்கத்தில் உள்ள இறுக்கம் மூலைகளில் உரசிப் போய் மறுபக்கம் முழுதாகச் சேராது. ஆகவே கணக்கில் வரும் எண்ணிக்கைக்குமேல் ஒன்றிரண்டு சேர்த்தே போடுங்கள்.

கட்டுவதற்கு முன்னால் தளம்

மேலே சொன்னதைப் பார்த்த பிறகு, வேலை துடைப்பத்தில் தொடங்குகிறது என்று சொன்னால் ஆச்சரியப்பட மாட்டீர்கள். முந்தைய லோடின் மணல், கிரீஸ், நெல் உமி, உடைந்த ஆணி எல்லாவற்றையும் கூட்டித் தள்ளுங்கள். மணல் என்பது பாரத்துக்கு அடியில் ஓடும் சிறு சிறு உருளைகள். மழை பெய்திருந்தால் துடையுங்கள்.

ரப்பர் மேட்டை முழுத் தளத்துக்கும் விரிக்கத் தேவையில்லை. பாரம் உட்காரும் இடங்களில் துண்டுகளாக வைத்தால் போதும், ஆனால் பாரத்தின் எந்தப் பகுதியும் மேட்டைத் தாண்டி வெறும் தளத்தில் உட்காரக் கூடாது. அடியில் கட்டை வைத்து ஏற்றுகிறீர்கள் என்றால் தளத்துக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு மேட், கட்டைக்கும் பாரத்துக்கும் நடுவில் ஒரு மேட். ஒன்றை விட்டாலும் அந்த இடத்தில் வழுக்கும். கட்டை சதுரமாக நிற்பதைவிட அகலவாக்கில் படுத்திருப்பது நல்லது, உயரமாக நிற்கும் கட்டை உருண்டுவிடும்.

பாரத்தை வைக்கும் இடமும் கட்டின் ஒரு பகுதிதான். முடிந்தவரை முன்தடுப்போடு ஒட்டி வையுங்கள். ஆக்சில் எடைக்காகப் பின்னால் தள்ளி வைக்க வேண்டியிருந்தால் நடுவில் உள்ள இடைவெளியைக் கட்டையாலோ காலி பாலெட்டாலோ அடைத்துவிடுங்கள். தனித்தனிப் பெட்டிகள் என்றால் நடுவில் சந்து விடாதீர்கள். இடமும் வலமும் எடை சமமாக இருக்கட்டும்.

பாரம் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதித்த அளவைத் தாண்டி முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ உயரத்திலோ பாரம் நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம், இறக்கிவைக்கும் செலவும் நம் தலையில்.

பெல்ட்டைக் கையால் தடவிப் பாருங்கள்

ஒவ்வொரு பெல்ட்டையும் முழு நீளத்துக்கு விரித்து, இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்து, ஓரத்தைக் கையால் தடவி வாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இரும்புச் சீவல் குத்தும். ஓரத்தில் விழுந்த வெட்டு அகலத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், அதாவது 50 மி.மீ. பெல்ட்டில் 5 மி.மீ. தாண்டினால், அந்தப் பெல்ட் இனி வேலைக்கு ஆகாது. தையல் பிரிந்திருந்தாலும், வெல்டிங் பொறி பட்டு உருகி மொறமொறவென்று இருந்தாலும், லேபிள் படிக்க முடியாமல் போயிருந்தாலும் அப்படியே ஒதுக்கிவிடுங்கள். வெயிலில் கிடந்து வெளுத்து, தொட்டால் தூளாக உதிர்ந்தால் அதுவும் முடிந்தது. ஆசிட், காஸ்டிக் சோடா மாதிரி ஏதாவது பட்டிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால்கூட நம்ப வேண்டாம். பாலியஸ்டருக்குக் காஸ்டிக் ஆகாது, நைலானுக்கு ஆசிட் ஆகாது.

கொக்கி விரிந்திருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த கொக்கியைச் சுத்தியலால் தட்டி நேராக்கிப் போடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஒருமுறை விரிந்த கொக்கி அடுத்த முறை இன்னும் சீக்கிரம் விரியும். ராட்செட்டின் பல்சக்கரத்தில் பல் உடைந்திருக்கக் கூடாது, பூட்டும் தகடு ஸ்பிரிங்கோடு துள்ளித் திரும்ப வேண்டும்.

அறுந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டுச் சேர்ப்பது கூடவே கூடாது. கயிற்றுக்கு முடிச்சு பழக்கம், பெல்ட்டுக்கு அது எமன். முடிச்சு விழுந்த இடத்தில் பட்டையின் பலம் பாதியளவுக்குக் குறைந்துவிடும், எங்கே அறும் என்றும் சொல்ல முடியாது.

இனி கட்டலாம்

கொக்கியை டிரெய்லரின் வளையத்திலோ சேஸிஸ் விளிம்பில் அதற்கென்று உள்ள இடத்திலோ மாட்டுங்கள். கொக்கியின் உள்வளைவு முழுதாக உட்கார வேண்டும், நுனியில் மட்டும் தொங்கினால் இழுப்பில் விரிந்துவிடும். மட்கார்டு கம்பி, கருவிப்பெட்டி பிடி, விளக்குச் சட்டம் இதிலெல்லாம் மாட்டக் கூடாது.

பெல்ட்டை மறுபக்கம் வீசும் முன் மூன்று விஷயம். மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். மறுபக்கம் நிற்பவருக்குக் குரல் கொடுத்து, அவர் பதில் சொன்ன பிறகு வீசுங்கள். கொக்கி உள்ள முனையை வீசாதீர்கள், வெறும் முனையைச் சுருட்டி வீசுங்கள். கொக்கி பட்டு நெற்றி கிழிந்தவர்களை யார்டில் பார்த்திருக்கிறேன்.

பட்டை முறுக்கில்லாமல் பாரத்தின்மேல் தட்டையாகப் படியட்டும். ராட்செட் உங்கள் இடுப்புக்கும் மார்புக்கும் நடு உயரத்தில், பாரத்தின் மூலையில் மோதாத இடத்தில் இருக்க வேண்டும். மூலையில் மடங்கி உட்கார்ந்த ராட்செட்டின் சட்டம் வளைந்துவிடும். முதல் பெல்ட்டின் ராட்செட் இடப்பக்கம் என்றால் அடுத்ததை வலப்பக்கம் வையுங்கள். இறுக்கம் ஒரே பக்கமாகச் சேராமல் இருக்க இது எளிய வழி.

ராட்செட்டில் இழுத்து இறுக்குவதுதான் புதியவர்கள் தடுமாறும் இடம். கைப்பிடியைத் திறந்து, நடுவில் உள்ள உருளையின் பிளவு மேலே தெரியும்படி திருப்புங்கள். பட்டையின் வெறும் முனையை அடியிலிருந்து பிளவுக்குள் நுழைத்து மேலே எடுத்து, வந்த வழியே பின்பக்கமாக மடக்குங்கள். இரண்டு ஓரமும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று இருக்க வேண்டும், கோணலாக நுழைந்தால் ஓரம் சட்டத்தில் மாட்டிக் கிழியும். இப்போது கைப்பிடியை ஆட்டத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் தளர்ச்சி முழுவதையும் கையால் இழுத்து எடுங்கள், காலை ஊன்றி, உடம்பைச் சாய்த்து இழுங்கள். அதன் பிறகே கைப்பிடி. உருளையில் குறைந்தது ஒன்றரைச் சுற்று விழ வேண்டும், அதற்குக் குறைந்தால் பட்டை உருவிக்கொள்ளும். மூன்று சுற்றுக்குமேல் போனால் உருளை தடித்துச் சட்டத்தில் உரசி நின்றுவிடும், அப்புறம் கழற்றும்போது படாதபாடு. மூன்று சுற்றில் இறுக்கம் வரவில்லை என்றால் கையால் போதுமான அளவு இழுக்கவில்லை என்று பொருள். அவிழ்த்து, மறுபடி இழுத்து ஆரம்பியுங்கள்.

கைப்பிடியில் பைப்பைச் சொருகி நெம்புவது பரவலாக நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ராட்செட்டின் பல் கைபலத்துக்காகச் செய்தது. பைப் போட்டால் பல் உடையும், இல்லாவிட்டால் பைப் நழுவி முகத்தில் அடிக்கும். அதிக இறுக்கம் தேவை என்றால் நீளக் கைப்பிடி ராட்செட் வாங்குங்கள், இல்லையென்றால் இன்னொரு பெல்ட் போடுங்கள்.

இறுக்கிய பிறகு கைப்பிடியை முழுதாக மடக்கிப் பூட்டுங்கள். 'டக்' என்று உட்காரும் சத்தம் கேட்க வேண்டும். மிச்சமிருக்கும் வால் பகுதியைச் சுருட்டி, கட்டின் பின்னால் செருகி வைத்துவிடுங்கள். தொங்கும் வால் டயரில் சிக்கினால் கட்டு முழுவதையும் பிய்த்துக்கொண்டு போகும்.

மூலைக்கு ஒரு பாதுகாப்பு

பெல்ட்டுக்குப் பெரிய எதிரி கூர்மையான விளிம்பு. இறுக்கமாக நிற்கும் பட்டை, தகட்டின் ஓரத்தில் வண்டியின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அரைபட்டுக்கொண்டே இருக்கும். இரும்புத் தகடு, ஆங்கிள், கிரானைட் பிளாக், சிமென்ட் ஸ்லாப் எதுவாக இருந்தாலும் மூலையில் காப்பு வைக்காமல் பெல்ட் போடாதீர்கள். பிளாஸ்டிக் கார்னர் கடையில் கிடைக்கும். பட்டை அதன்மேல் வழுக்கிச் செல்வதால் இறுக்கம் மறுபக்கமும் போய்ச்சேரும். பழைய டயர்த் துண்டும் விளிம்பிலிருந்து காப்பாற்றும், ஆனால் ரப்பர் பட்டையைப் பிடித்துக்கொள்வதால் மறுபக்க இறுக்கம் குறையும். டயர்த் துண்டு வைத்தால் மறுபக்கம் போய்க் கையால் அழுத்திப் பாருங்கள். அட்டைப்பெட்டி மூலைகளுக்கு ஆங்கிள் வடிவ அட்டையோ பலகையோ வைக்காவிட்டால் பெல்ட் பெட்டியை நசுக்கிக்கொண்டு இறங்கும், நசுங்கிய அளவுக்குத் தளர்ந்தும் போகும்.

மெஷினுக்கும் பைப்புக்கும்

மெஷினில் தூக்குவதற்கும் கட்டுவதற்கும் வளையங்கள் இருந்தால், மேலாகப் போடுவதைவிட நான்கு மூலையிலிருந்தும் குறுக்காக நேரடியாகக் கட்டுவது மேல். இந்தக் கட்டில் பெல்ட் பாரத்தை அழுத்துவதில்லை, நேராகப் பிடித்து இழுக்கிறது. அதனால் அந்த 300 கிலோ கணக்கு இங்கே இல்லை. மெஷின் நகர முயலும்போது எல்.சி. அளவான 2,500 வரை பெல்ட் எதிர்த்து நிற்கும். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு, எதிரெதிராக இழுக்க வேண்டும்.

ஒரே திசையில் ஒரு செயினும் ஒரு பெல்ட்டும் கலந்து போடாதீர்கள். பெல்ட் தன் முழு இழுப்பில் 7 சதவீதம் வரை நீளலாம். செயின் நீளவே நீளாது. எல்லா இழுப்பும் செயின்மேலேயே விழும், பெல்ட் வேடிக்கை பார்க்கும்.

ஜே.சி.பி., எக்ஸ்கவேட்டர் போன்ற கனரக வண்டிகளையும் ஸ்டீல் காயிலையும் (சுருளாகச் சுற்றிய இரும்புத் தகடு) செயினில் கட்டுங்கள். காயிலின் உள்விளிம்பு பட்டையைக் கத்திபோல அறுக்கும். அது உருளாமல் இருக்கத் தொட்டில் மாதிரியான கட்டை, இருபுறமும் ஆணியடித்த ஆப்பு இரண்டும் கட்டாயம். பைப்புக்கு ஓரங்களில் நிறுத்துக்கம்பி வேண்டும். கம்பியின் உயரத்தைத் தாண்டி அடுக்கக் கூடாது. அடுக்குக்கு அடுக்கு கட்டை வைத்து, நடு அடுக்கையும் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு அப்புறம் மேல்கட்டு. ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கும் பைப்பை மேலிருந்து அழுத்தினால் மட்டும் நடுவில் உள்ளவை அடங்காது, பிரேக் பிடித்தால் ஈட்டிபோல உருவிக்கொண்டு கேபினைத் தேடி வரும். கன்டெய்னருக்குப் பெல்ட் வேலையே இல்லை, நான்கு மூலையிலும் ட்விஸ்ட் லாக் (கன்டெய்னரின் மூலைத் துளையில் நுழைந்து திருகிப் பூட்டும் பூட்டு) பூட்டியிருக்க வேண்டும்.

வழியில் நிறுத்திப் பார்ப்பது

கட்டிய இடத்தில் கட்டு முடிவதில்லை. வண்டி குலுங்கக் குலுங்கப் பாரம் கட்டையில் அமரும், மரம் கொஞ்சம் அமுங்கும், பட்டை தளரும். ஒருமுறை சென்னைத் துறைமுகத்திலிருந்து கோயம்புத்தூருக்கு ஒரு மரப்பெட்டி மெஷின். ஆறு பெல்ட், எல்லாம் வீணைத் தந்தி மாதிரி இறுக்கிவிட்டுத்தான் கிளம்பினோம். செங்கல்பட்டு தாண்டி டீக்கு நிறுத்தினோம். கீழே இறங்கி, பழக்கத்தில் ஒரு பெல்ட்டைத் தட்டினேன், ஊஞ்சல் மாதிரி ஆடியது. நான்கு பெல்ட் தளர்ந்திருந்தன. பெட்டியின் மேல்பலகை பெல்ட் அழுத்திய இடத்தில் அரை அங்குலம் உள்வாங்கியிருந்தது. மூலையில் காப்பு வைக்காமல் கட்டியது நான்தான். அன்றைக்கு டீக்கு நிறுத்தாமல் நேரே போயிருந்தால் அந்தத் தளர்ந்த கட்டோடு எவ்வளவு தூரம் ஓடியிருப்போமோ என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

ஆகவே கிளம்பி 10, 20 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி எல்லாப் பெல்ட்டையும் கையால் அழுத்திப் பார்த்து மறுபடி இறுக்குங்கள். அமெரிக்காவில் முதல் 50 மைலுக்குள் ஒருமுறை, அதன்பின் 150 மைலுக்கோ மூன்று மணி நேரத்துக்கோ ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம்மூர் வேகத்தடைகளுக்கும் குழிகளுக்கும் நான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். டீ, டீசல், டோல் என்று எப்படியும் நிற்கத்தானே செய்கிறோம். மழை பிடித்தால் கூடுதலாக ஒருமுறை. பெங்களூரிலிருந்து சேலம் வருகிறவர்கள் தொப்பூர் இறக்கத்தில் இறங்கும் முன் கட்டாயம் பாருங்கள். அந்தச் சரிவில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுவதும் முன்னால் சாய்ந்தபடியே வரும்.

தார்ப்பாய் போட்ட லோடில் பெல்ட் தெரியாது என்பதால் பார்க்காமல் விடுவார்கள். ராட்செட் இருக்கும் இடத்தில் தார்ப்பாயை மடித்துவிட்டுக் கட்டினால் கையை நுழைத்துப் பார்க்கலாம்.

அவிழ்ப்பதும் எடுத்து வைப்பதும்

சேர்ந்த இடத்தில் அவசரமாக அவிழ்க்க ஓடாதீர்கள். முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இறங்கிச் சுற்றி வந்து பாருங்கள். பாரம் வழியில் சாய்ந்து, இப்போது பெல்ட்டின்மேல் நிற்கிறதா? அப்படி இருந்தால் கிரேனோ ஃபோர்க்லிஃப்டோ தாங்கிப் பிடித்த பிறகே அவிழ்க்க வேண்டும். பைப் லோடில் இதை இரண்டு முறை பாருங்கள், கடைசிப் பெல்ட்டை எடுத்ததும் உருண்டு விழுந்து ஆள் போன கதைகள் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மறுபக்கம் யாரும் நிற்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ராட்செட்டுக்கு நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நின்று, பூட்டுத் தகட்டை இழுத்தபடி கைப்பிடியைத் தட்டையாகும் வரை திறந்துவிடுங்கள். இறுக்கம் ஒரேயடியாக விடும், விரல்களை உருளைப் பக்கம் வைக்காதீர்கள்.

அவிழ்த்த பெல்ட்டைப் பாரத்துக்கு அடியிலிருந்து வண்டியை நகர்த்தி உருவாதீர்கள். பெல்ட்டைத் தரையில் இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம், மணல் இழைகளுக்குள் புகுந்து உள்ளிருந்தே அறுக்கும். அழுக்கானால் சாதாரண சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயப்போடுங்கள். துறைமுகப் பக்கம் ஓடும் வண்டி என்றால் ராட்செட்டை நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்ததும் அச்சில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், பட்டையில் எண்ணெய் படாமல். சுருட்டி, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். டிரெய்லர் தளத்தில் போட்டுவிட்டால் ஒரு கோடை வெயிலே பாலியஸ்டரை வெளுக்க வைத்துவிடும்.

ஒதுக்கிய பெல்ட்டை யார்டு மூலையில் போட்டு வைத்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். அன்றைக்கே கத்தியால் முழ அளவில் துண்டு போட்டுவிடுங்கள். கொக்கி இல்லாத அந்தத் துண்டுகளை இரண்டாக மடித்துத் தைத்தால், நல்ல பெல்ட்டுக்கு மூலையில் போடும் உறையாக இன்னும் சில மாதம் உதவும்.